உடுத்தும்போது சீமாட்டி, தைக்கும்போது தையல்காரி

நடுவர் அவர்களே, என் அணித் தோழிகளே, எதிரணி அண்ணன்மாரே, தங்கைகளே, பொங்கல் சாப்பாட்டுக்குப் பிறகும் தூங்காமல் உட்கார்ந்திருக்கும் அவையோரே, எல்லாருக்கும் வணக்கம்.

"பழங்கால உடையைத் தைத்து உடுத்திக் கூடுவது வரலாற்றை அறியும் வழியா, வெட்டி வேடிக்கையா?" இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் அண்ணன் பேசி முடித்துக் கைதட்டலும் வாங்கிவிட்டார். நானும்தான் தட்டினேன், நன்றாகப் பேசினார். அவர் சொன்னது என்ன? இது பெரியவர்களின் மாறுவேடப் போட்டி என்றார். எல்லாரும் பிரபுவாகவும் சீமாட்டியாகவும் வருகிறார்கள், வேலைக்காரியாக ஒருத்தியும் வருவதில்லை என்றார். நம்மை ஆண்டவர்களின் உடையை நாமே மாட்டிக்கொண்டு நிற்பது வெட்கக்கேடு என்றார். போகிற போக்கில், "அவ்வளவு ஆசை என்றால் வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே, எதற்குக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு கையால் தைக்க வேண்டும்?" என்று ஒரு போடும் போட்டார்.

அந்தக் கடைசிப் போட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இங்கே பலருக்குத் தெரிந்ததுதான், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாம் இருக்கும் இந்த இங்கிலாந்தின் பாத் நகரத்தில் ஒவ்வொரு செப்டம்பரிலும் ஜேன் ஆஸ்டின் என்ற நாவலாசிரியையின் பெயரில் விழா நடக்கிறது. 2001இல் தொடங்கியது. அந்த அம்மையார் 1801 முதல் 1806 வரை அந்த ஊரில் குடியிருந்தவர். விழாவில் நூற்றுக்கணக்கான பேர் அவர் காலத்து உடையில் தெருவில் ஊர்வலம் போவார்கள். அந்த உடையில் அதிகம் பேர் கூடினார்கள் என்று 2009இல் 409 பேரோடு கின்னஸ் சாதனை, 2014இல் 550 பேரோடு மறுபடியும் சாதனை படைத்தார்கள்.

சரி, அந்தக் கூட்டத்தில் முதுகில் ஜிப் வைத்த பாலியஸ்டர் கவுனை வாடகைக்கு எடுத்து வந்தவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி அண்ணன் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். அது மாறுவேடம்தான். ஜிப் என்பதே 20ஆம் நூற்றாண்டுச் சரக்கு. ஆனால் நம் தலைப்பில் "தைத்து" என்று ஒரு சொல் இருக்கிறது. எதிரணி இதுவரை அந்தச் சொல்லைத் தொடவே இல்லை என்பதை நடுவர் அவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

தைத்தால் என்ன தெரியும்? அந்தக் காலத்து ஆண்களின் சட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். முழுக்கச் சதுரமும் நீள்சதுரமும்தான், வளைவாக வெட்டின துண்டே இருக்காது. அக்குளில் ஒரு சின்னச் சதுரத்தை மூலைவாட்டில் வைத்துத் தைத்தால்தான் கையைத் தூக்க முடியும். வெட்டும்போது, "என்னடா இது, கை வளைவு வெட்டத் தெரியாதவர்களா?" என்றுதான் தோன்றும். தெரியாமல் இல்லை. துணி விலை அதிகம், தைப்பவள் கூலி குறைவு. வளைத்து வெட்டினால் ஓரத்துண்டு வீணாகும். நீள்சதுரமாக வெட்டினால் ஒரு முழம்கூட வீணாகாது, தையல் வேலை எவ்வளவு கூடினாலும் கவலையில்லை. இன்று நமக்குத் தலைகீழ். பிளவுஸ் பிட் விலையைவிடத் தையல் கூலி அதிகம். (பெண்கள் பக்கமிருந்து சிரிப்பு வருகிறது, எல்லாரும் கொடுத்துப் பார்த்தவர்கள்தானே.) துணிக்கும் உழைப்புக்கும் இருந்த விலை உறவு இந்த இருநூறு ஆண்டுகளில் அப்படியே கவிழ்ந்திருக்கிறது. இதைப் புத்தகத்தில் படித்தால் மறந்துபோகும். கத்திரியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றால் மறக்காது.

பெண்களின் கவுன் இன்னும் சுவாரசியம். முன்பக்கம் எளிது, சூட்சுமம் முதுகில் இருக்கிறது. இன்றைய பிளவுஸில் தோள் தையல் தோளின் மேட்டில் உட்காரும். அந்தக் கவுனில் அது பின்னுக்கு இறங்கி முதுகில் கிடக்கும். முதுகுத் துண்டு ரொம்ப ஒடுக்கம், கைகள் ஏறக்குறைய முதுகிலிருந்தே புறப்படும். அதனால் தோளை முன்னால் கூனிக்க இடமே கிடையாது. உள்ளே ஸ்டேஸ் என்று ஒரு கச்சு, அதன் நடுவில் மார்பிலிருந்து கீழே இறங்குகிற மரச்சட்டம் ஒன்று. அதைப் போட்டுக்கொண்டு கீழே விழுந்த குண்டூசியை எடுத்துப் பாருங்கள். முதுகை வளைக்க முடியாது, முழங்காலை மடக்கி நேராக இறங்கி, நேராக எழ வேண்டும். பழைய ஓவியங்களைப் பார்த்து, "அந்தக் காலத்துப் பெண்களுக்கு என்ன ஒரு மிடுக்கு" என்பார்கள். அந்த மிடுக்கில் பாதி மரச்சட்டம், நடுவர் அவர்களே.

குண்டூசி என்றதும் ஞாபகம் வருகிறது. அந்தக் கவுன்களில் பலவற்றுக்கு முன்பக்க மடிப்பைத் தோளில் ஏற்றிக் குண்டூசியால் குத்தி நிறுத்துவார்கள். நாம் சேலைக்குக் குத்தும் ஊக்கு அப்போது பிறக்கவே இல்லை, அதற்குக் காப்புரிமை வாங்கினதே 1849இல்தான். அப்புறம் பாக்கெட். அதற்கு முந்தைய நூற்றாண்டில் பெண்கள் அகலப் பாவாடைக்கு அடியில் இடுப்பில் தனியாகப் பை கட்டிக்கொள்வார்கள். கவுன் ஒல்லியானதும் பை துருத்திக்கொண்டு தெரிந்தது. பையைக் கையில் எடுத்துக்கொண்டார்கள், ரெட்டிக்யூல் என்று அதற்குப் பெயர். அன்றைக்குப் போன பாக்கெட்டுக்காகத்தான் நாம் இன்றும் சுடிதார் தைக்கக் கொடுக்கும்போது டெய்லரிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறோம்.

எதிரணித் தங்கை ஒருத்தி, "வெள்ளை விக் எங்கே அக்கா?" என்று கேலி செய்தாள். நல்ல கேள்விம்மா. விக்குக்கும் தலைமுடிக்கும் வெள்ளையாகப் பூசும் பவுடருக்கு இங்கிலாந்து அரசு 1795இல் ஆளுக்கு வருஷத்துக்கு ஒரு கினி, அதாவது ஒரு பொற்காசு, வரி போட்டது. பிரான்சோடு சண்டை, கஜானாவில் பணம் வேண்டும். பவுடர் போடும் வழக்கமே ஏறக்குறைய அதோடு படுத்துவிட்டது. விக் இல்லாமல் வருவதற்கே அவ்வளவு கதை இருக்கிறது.

இப்போது அண்ணனின் வேலைக்காரிக் கேள்விக்கு வருகிறேன். ஊர்வலத்தில் பெரும்பாலும் சீமாட்டிகள்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஊர்வலம் ஒரு மதியப் பொழுது. அதற்கு முந்தைய மாதங்களில் அவர்கள் என்னவாக இருந்தார்கள் என்று அண்ணன் கேட்கவில்லையே? தையல் மெஷினுக்கு எலியாஸ் ஹோவ் காப்புரிமை வாங்கினது 1846இல். ஆக, அந்தக் காலத்துக் கவுன் ஒவ்வொன்றும் கைத்தையல்தான். மெல்லிய துணிக்கு ஓரம் அடிப்பது எப்படி என்று சொல்கிறேன், கேளுங்கள். நூலைத் தேன்மெழுகில் ஒரு இழுப்பு இழுத்துக்கொள்ள வேண்டும், அப்போதுதான் சிக்காது. விரல் நுனியை லேசாக நனைத்து, துணியின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பீடி சுற்றுகிற மாதிரி உருட்ட வேண்டும். உருட்டினது அவிழ்வதற்குள் அதன் மேல் சுற்றிச் சுற்றித் தைக்க வேண்டும். ஒரு விரற்கடை முடிந்ததும் அடுத்த உருட்டல். வெள்ளைத் துணியில் வெள்ளை நூல். எல்.இ.டி. விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டே எனக்குக் கண்ணில் நீர் கட்டும். கூலிக்குத் தைத்தவள் அதை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் செய்தாள். அந்தச் சீமாட்டிகள் எழுதின கடிதங்கள் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இவளுடைய பெயர் பெரும்பாலும் எங்கேயும் இல்லை, தையல் மட்டும் இருக்கிறது. உடுத்தும்போது சீமாட்டி, தைக்கும்போது தையல்காரி. வேலைக்காரி வரவில்லை என்கிறீர்களே, அவள் எங்கள் வீட்டு மேசைமேல் மாதக்கணக்காக இருக்கிறாள் அண்ணா.

செலவு அதிகம் என்று ஒருவர் சொன்னார். அதிகம்தான். இந்த ஊரில் கால்பந்து சீசன் டிக்கெட் என்ன விலை என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஆண்டவர்களின் உடை. இது கனமான கேள்வி, இதைக் கேலியாகத் தாண்டிப் போக எனக்கு மனசில்லை.

என் கவுன் எதில் தைத்தது தெரியுமா? ஊரிலிருந்து வரவழைத்த எட்டு முழ மல் வேட்டி இரண்டில். வேட்டிக் கரை கவுனின் அடியோரத்தில் ஓடுகிறது. இது என்னுடைய விசித்திரம் இல்லை. இந்தக் காலத்து உடையைத் தைக்கிற வெள்ளைக்காரப் பெண்கள்கூட நம் நாட்டுச் சேலையையும் மல் துணியையும் தேடி வாங்கித்தான் தைக்கிறார்கள். ஏனென்றால் அசலே நம் பக்கத்துத் துணி. அந்தக் கவுன்களின் வெள்ளை மஸ்லின், அதாவது மெல்லிய பருத்தித் துணி, அதன் மோகம் வங்காளத்து டாக்கா நெசவாளிகளின் விரலிலிருந்து போனது. அதற்கும் முன்னால் சோழமண்டலக் கரையில் சாயவேர் போட்டுச் சிவப்பேற்றிய பூத்துணிகள் இங்கே இங்கிலாந்தில் வந்து குவிந்தன. உள்ளூர் நெசவாளிகள் பிழைப்புப் போகிறதென்று 1719இல் லண்டன் தெருவில் பருத்திப் பூத்துணி உடுத்தின பெண்களைத் துரத்தித் துணியைக் கிழித்தார்கள். 1721இல் சட்டமே வந்தது. பூத்துணி உடுத்தினால் ஐந்து பவுண்டு அபராதம். மஸ்லினுக்கு விலக்கு இருந்தது. 1774இல் சட்டம் போனது, 1779இல் கிராம்ப்டன் மெல்லிய நூல் நூற்கும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். அப்புறம் மான்செஸ்டர் ஆலைகள், அந்த ஆலைகளுக்கு அமெரிக்காவில் அடிமைகள் பறித்த பருத்தி, டாக்காவில் வேலையில்லாமல் போன தறிகள். தோளில் போடும் சால்வை காஷ்மீரத்தது. அதைப் பார்த்து நெய்து பிழைத்தது பெயிஸ்லி என்கிற ஸ்காட்லாந்து ஊர். காஞ்சிபுரம் சேலையில் நாம் மாங்காய் என்று சொல்கிற டிசைனை அந்த ஊர் பெயரால்தான் இன்று உலகம் கேட்டு வாங்குகிறது. இந்தக் கதையை எல்லாம் நான் தெரிந்துகொண்டது, "கவுனுக்கு எந்தத் துணி எடுப்பது?" என்ற ஒரே கேள்வியில் ஆரம்பித்துத்தான்.

இன்னொன்று. உடை வெறும் வேடிக்கை என்று சொல்கிறவர்கள் வேலூரை நினைக்க வேண்டும். 1806 ஜூலை 10. சிப்பாய்களுக்குப் புதுத் தலைப்பாகை, அதில் தோலால் ஒரு பட்டை, நெற்றியில் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது என்று உத்தரவு. அந்த உத்தரவுதான் கோட்டைக்குள் பெருந்தீயை மூட்டியது. நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள், சென்னை ஆளுநர் பெண்டிங்கும் தளபதி கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். ஜேன் ஆஸ்டின் பாத் நகரத்தை விட்டுப் போனதும் அதே ஆண்டுதான். நான் தைத்த கவுனும் வேலூரின் தலைப்பாகையும் ஒரே காலத்து உடைகள். ஊர்வலத்தில் யாராவது, "உங்கள் உடை அழகாக இருக்கிறது, நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்டால் வேலூர்க் கதையைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த அடி வைக்கிறேன். பாதிப் பேர் முதல்முறையாகக் கேட்கிறார்கள்.

ஆண்டவர்களின் உடை வெட்கக்கேடு என்று அண்ணன் சொன்னபோது அவர் என்ன உடுத்தியிருந்தார் என்று கவனித்தீர்களா? கருநீலக் கோட்டு, முழுக்கால் சட்டை, கழுத்தில் டை. பூவேலையும் பட்டும் பளபளப்பும் நிறைந்திருந்த ஆண்களின் உடையை, அடர்நிறக் கோட்டும் நீளக் கால்சட்டையும் கழுத்துத் துணியுமாக மாற்றியதில் முன்னால் நின்றவர் பிரம்மெல் என்ற லண்டன் மைனர். அவர் கொடிகட்டிப் பறந்தது நான் தைத்த கவுனின் காலத்தில்தான். ஆக, இந்த மேடையில் அந்தக் காலத்து உடையின் வாரிசோடு வந்திருப்பது அண்ணன், பொங்கலுக்குச் சேலை கட்டிக்கொண்டு வந்திருப்பது நான். அந்தக் கோட்டில் உள்லைனிங் எங்கே முடிகிறது, கழுத்துப் பட்டி ஏன் அப்படி மடங்குகிறது என்று எதிரணியின் அடுத்த பேச்சாளர் வந்து சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.