புகார் வராத இடத்தில் பூச்சி தேடுவது எப்படி?

நேயர்களுக்கு வணக்கம். முதியோர் இல்லங்களில் பூச்சிக் கட்டுப்பாடு பற்றி, முக்கியமாக மூட்டைப்பூச்சி பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன்.

மூட்டைப்பூச்சி கடித்தால் நமக்கெல்லாம் தடிக்கும், அரிக்கும். வயதானவர்களில் பலருக்குத் தடிப்பதே இல்லை. தடித்தாலும், மறதி நோய் உள்ளவரால் அதை எடுத்துச் சொல்ல முடியாது. 'யாரும் ஒன்றும் சொல்லவில்லையே' என்று நிர்வாகம் இருந்துவிட்டால், அதற்குள் நாலு அறைக்குப் பரவியிருக்கும். அரிக்கிறது என்று சொல்பவருக்கும் சிரங்கு என நினைத்துக் களிம்பு தடவுவார்கள்; கட்டிலை யாரும் பார்ப்பதில்லை.

ஆகவே வாரம் ஒருமுறை, விரிப்பு மாற்றும்போதே டார்ச் அடித்துப் பாருங்கள். மெத்தை ஓரத் தையல், இரும்புக் கட்டிலின் குழாய் முனை, திருகுத் துளை, தலைமாட்டுப் பலகையின் பின்பக்கம். சக்கர நாற்காலியின் இருக்கைத் தையலைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். பூச்சி ஊர் சுற்றுவதே அதில்தான். கறுப்பு மைப்புள்ளிகள், உரிந்த தோல், 1 மில்லிமீட்டர் அளவில் ஒட்டியிருக்கும் வெள்ளை முட்டை, இவைதான் அடையாளம். புள்ளியை ஈரத்துணியால் துடைத்தால் செம்பழுப்பாக இழுபடும்.

கண்டுபிடித்ததும் அந்தப் பெரியவரை அவசரமாக வேறு அறைக்கு மாற்றாதீர்கள். தலையணையோடு பூச்சியும் போகும். துணிகளை அந்த அறையிலேயே பிளாஸ்டிக் பையில் கட்டி, 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். உலர்த்தும் இயந்திரம் இருந்தால் அதிக சூட்டில் அரை மணி நேரம். மெத்தையை மொட்டை மாடி வெயிலில் போடுவதை நம்ப வேண்டாம். மேல்பக்கம் சுடும், பூச்சி அடிப்பக்கத்துக்கு நகர்ந்துவிடும். மெத்தை முழுவதையும் மூடும் ஜிப் உறை நல்லது. கட்டிலைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளிப் போடுங்கள், விரிப்பு தரையில் புரளக் கூடாது.

கட்டில் இடுக்கில் மண்ணெண்ணெய் ஊற்றும் பழைய வழக்கம் இன்னும் இருக்கிறது. ஆக்சிஜன் கருவி ஓடும் அறையில் அது நெருப்புக்கு அழைப்பு. மருந்து அடிப்பதானால் இரண்டு பக்க அறைகளையும் மேல், கீழ் அறைகளையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். மருந்து காயும்வரை உள்ளே யாரும் இருக்கக் கூடாது. முட்டைகள் பெரும்பாலும் சாகாது; ஆறிலிருந்து பத்து நாளில் பொரிக்கும். அதனால் இரண்டு வாரத்தில் மறுமுறை வருவதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். ஒரே தடவையில் ஒழித்துத் தருகிறேன் என்பவரை நான் நம்ப மாட்டேன்.

சமையலறையில் தொல்லை, கழுத்துக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடுள்ள சின்னக் கரப்பான். இதன் ஒரு முட்டைக் கூட்டில் முப்பது, நாற்பது முட்டை இருக்கும். கதவுக் கீல், கிரைண்டர் அடிப்பாகம், ஃப்ரிட்ஜ் பின்புறம் என்று ஜெல் மருந்தைச் சிறு புள்ளிகளாக வைக்க வேண்டும். அதன் பக்கத்தில் ஸ்பிரே அடித்தால் அந்த வாடைக்கு ஜெல்லைக் கரப்பான் தின்னாது. இரண்டு மருந்தின் காசும் வீண். ஃப்ரிட்ஜ் பின்னால் தண்ணீர் சேரும் தட்டையும் வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள், டெங்கு கொசு அதில் முட்டையிடும்.

கழிவறைக்குப் பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் ஒரே நேரத்தில் வேண்டாம். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் சாத்திய கழிவறையில் ஆஸ்துமாக்காரருக்கு அது உயிராபத்து. இரண்டையும் வேறு வேறு அலமாரியில் வைத்து, வேறு நிற வாளி கொடுத்துவிடுங்கள்.