மகாசுவேதா தேவி: அப்பா விட்டுப்போன பத்திரிகை

எல்லோருக்கும் வணக்கம். வங்க எழுத்தாளர் மகாசுவேதா தேவியைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். அவர் வீட்டு ஆட்களின் பெயரைச் சொல்லி முடிக்கவே எனக்குக் கொடுத்த நேரத்தில் பாதி போய்விடும். அப்பா மணீஷ் கட்டக், 'கல்லோல்' என்ற வங்க இலக்கிய இதழின் காலத்துக் கவிஞர், நாவலாசிரியர். அம்மா தரித்ரி தேவியும் எழுதுவார். சித்தப்பா யார் தெரியுமா? ரித்விக் கட்டக். ஆமாம், 'மேகே டாக்கா தாரா' படத்தை எடுத்தவரேதான். சித்தப்பா என்றதும் நரைத்த தலையை நினைத்துக்கொள்ளாதீர்கள். அவர் பிறந்தது 1925 நவம்பரில். மகாசுவேதா டாக்காவில் பிறந்தது 1926 ஜனவரியில். தாய்மாமன்களில் ஒருவர் சிற்பி சங்கோ சௌத்ரி. இன்னொருவர் சச்சின் சௌத்ரி, 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி'யைத் தொடங்கிய ஆசிரியர்.

படித்தது சாந்திநிகேதனில், தாகூர் இருந்த காலத்திலேயே. 1947-இல் கைப்பிடித்தது பிஜோன் பட்டாச்சார்யாவை. 1943 பஞ்சத்தை மேடைக்குக் கொண்டுவந்த 'நபான்ன' நாடகம் அவர் எழுதியது. மறுவருடம் பிறந்த மகன் நபாருண், பிற்காலத்தில் 'ஹெர்பர்ட்' நாவலுக்கு சாகித்திய அகாதமி பரிசு வாங்கினார்.

இவ்வளவு பேர் இருந்தும் குடும்பப் பெயர் அடுப்பெரிக்கவில்லை. கணவர் நாடகக்காரர், அதிலும் கம்யூனிஸ்ட். நிலையான வருமானம் கிடையாது. தபால் துறைக் கணக்கு அலுவலகத்தில் மகாசுவேதா பார்த்துவந்த வேலையும், கம்யூனிஸ்ட்டாக இருப்பாரோ என்ற சந்தேகத்தில் போயிற்று. அந்த நெருக்கடியில்தான் ஜான்சி ராணியைப் பற்றி எழுதும் ஆசை அவரைப் பிடித்துக்கொண்டது. நூலகத்தில் கிடைத்ததைப் படித்தார், போதவில்லை. கடன் வாங்கிக்கொண்டு, சின்னப் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு, ஜான்சி, குவாலியர் பக்கம் கிளம்பிவிட்டார். அங்கே கிராமத்து மக்கள் ராணியைப் பற்றிப் பாடும் பாட்டையும் சொல்லும் கதையையும் கேட்டுக் குறித்துக்கொண்டு வந்தார். 1956-இல் வந்த முதல் புத்தகம் அது. சரித்திரம் கோட்டைக்குள் இருக்கும் காகிதத்தில் மட்டும் இல்லை, ஊர் வாயிலும் இருக்கிறது என்ற நம்பிக்கை அப்போதே வந்துவிட்டது. பிறகு பலாமு, சிங்பும், புருலியா, மேதினிபூர் என்று பழங்குடிகள் வாழும் மாவட்டங்களில் அவர் அலைந்ததெல்லாம் அதன் நீட்சி.

1962-இல் திருமண உறவு முறிந்தது. மகன் அப்பாவோடு இருந்தான். இந்த ஒரு தகவலை வைத்துக்கொண்டு, 1974-இல் வந்த 'ஹாஜார் சுராஷிர் மா' நாவலை அவருடைய சொந்தக் கதையாகவே வாசிக்கிறவர்கள் உண்டு. தமிழில் '1084-இன் அம்மா' என்று வந்திருக்கிறது, படித்திருப்பீர்கள். எனக்கு அந்த வாசிப்பில் உடன்பாடு இல்லை. பிள்ளையைப் பிரிந்த வேதனை அதில் இருக்கலாம். ஆனால் நாவலுக்குள் இருப்பது நக்சல்பாரி காலத்துக் கல்கத்தா. ஒரே ஒரு நாள் கதை: மகன் ப்ரதியின் பிறந்தநாள், அதே தேதிதான் அவன் செத்த நாளும். வசதியான வீடு. பிணவறையில் இருக்கும் மகனுக்குப் பெயர் போய் 1084 என்ற எண் மட்டும் மிச்சம். செய்தி வந்ததும் தகப்பன் திபியநாத் செய்கிற முதல் காரியம், பேப்பரில் மகன் பெயர் வராமல் இருக்க ஆள் பிடிக்க ஓடுவது. தன் கார் பிணவறை வாசலில் நிற்பதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்ற கவலை வேறு. ஒரு வர்க்கத்தையே திட்டித் தீர்க்க வேண்டிய இடம் அது. மகாசுவேதா ஒரு காரை வைத்து முடித்துவிட்டார்.

1977-இல், வெள்ளையரை எதிர்த்த பழங்குடித் தலைவர் பிர்சா முண்டாவின் கிளர்ச்சியை வைத்து 'ஆரண்யேர் அதிகார்' நாவல். 1979-க்கான சாகித்திய அகாதமி பரிசு அதற்குத்தான். அப்புறம் பரிசுகள் வரிசையாக வந்தன, அதை விட்டுவிடுகிறேன். 1996-க்கான ஞானபீடத்தை நெல்சன் மண்டேலா கையால் வாங்கினார், அந்தப் பணத்தைப் புருலியாவின் கெரியா சபர் பழங்குடி மக்களுக்கான சங்கத்துக்குக் கொடுத்தார் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். 1998-இல் அந்த மக்களில் ஒருவரான புதன் சபர் போலீஸ் காவலில் செத்தபோது, அந்தச் சங்கத்தின் பெயரில் கல்கத்தா உயர் நீதிமன்றம் வரை போனவரும் இவர்தான்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அவருடைய நாவல்களில் சில இடங்கள் கள அறிக்கைபோலப் போகும். பக்கம் பக்கமாக நிலக் கணக்கு, கூலிக் கணக்கு. அவசரத்தில் எழுதியது தெரியும். என்னைக் கேட்டால் அவர் உச்சம் சிறுகதைகளில்தான். 'திரௌபதி' கதையில் சந்தால் பெண் தோப்தி, சிதைக்கப்பட்ட உடம்போடு, கொடுத்த துணியைக் கட்ட மறுத்து, ராணுவ அதிகாரி எதிரில் வந்து நிற்பாள். ஆயுதம் இல்லாத அவளைக் கண்டு முதல்முறையாக அந்த மனிதன் பயப்படுவான். அந்தக் கதையை 2021-இல் டெல்லி பல்கலைக்கழகம் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்தது. கூடவே எடுக்கப்பட்டவை யாருடைய எழுத்து? நம் தலித் எழுத்தாளர்கள் பாமாவுடையதும் சுகிர்தராணியுடையதும். நல்ல சேர்க்கைதான், போங்கள்!

இனி பத்திரிகை விஷயம். மணீஷ் கட்டக் 'போர்த்திகா' என்றொரு சிற்றிதழ் நடத்திவந்தார். 1979-இல் அவர் காலமானதும் அது மகள் கைக்கு வந்தது. அப்பாவின் நண்பர்களிடம் கவிதை கேட்டு வாங்கி, ஆண்டு நினைவு மலர் போட்டு ஒப்பேற்றியிருக்கலாம். நம் ஊரில் அப்படித்தானே நடக்கும்? இவர் கொத்தடிமைகள், சிறு விவசாயிகள், பழங்குடிகள், ஆலைத் தொழிலாளிகள் ஆகியோரையே எழுதச் சொன்னார். அவர்கள் ஊரைப் பற்றி, கூலியைப் பற்றி, கடனைப் பற்றி.

ஜாதவ்பூர் பக்கம் ஒரு நாள் கல்லூரியிலிருந்து ரிக்‌ஷாவில் ஏறினார். அப்போது அவர் பிஜய்கர் கல்லூரியில் ஆசிரியை. ரிக்‌ஷாக்காரர் சிறையில் எழுத்துக் கற்றுக்கொண்டவர். சவாரி இல்லாத நேரத்தில் புத்தகமும் கையுமாக இருப்பவர். படித்தவர்போலத் தெரிகிறாரே என்று, தனக்குப் புரியாத ஒரு சொல்லுக்கு இவரிடம் பொருள் கேட்டார். பொருளைச் சொல்லிவிட்டு, நீ எங்கே படித்தாய் என்று விசாரித்த மகாசுவேதா, போர்த்திகாவுக்கு எழுது என்று சொல்லி முகவரியும் கொடுத்தார். அதைப் பார்த்த பிறகுதான் அந்த ஆளுக்கு விளங்கியது, தன் வண்டியில் உட்கார்ந்திருப்பது தான் படித்துக்கொண்டிருந்த 'அக்னிகர்ப' நூலை எழுதியவர் என்று. 'ரிக்‌ஷா ஓட்டுகிறேன்' என்ற அவர் கட்டுரை 1981-இல் போர்த்திகாவில் வெளிவந்தது.

அவர் பெயர் மனோரஞ்சன் வியாபாரி. அதற்குப் பிறகு நாவல்கள் எழுதினார், சுயசரிதை எழுதினார், 2021-இல் மேற்கு வங்கத்தின் பாலாகர் தொகுதியில் நின்று சட்டமன்ற உறுப்பினரும் ஆனார். கேள்வி இருந்தால் கேளுங்கள். நூலகம் மூட இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது.