ஓ.டி. பிள்ளைகளுக்கு மார்க் போடுவதற்குள் படும் பாடு

வணக்கம் மக்களே, பாளையங்கோட்டையிலிருந்து பேசுகிறேன். பக்கத்து வீட்டில் மாவு ஆட்டுகிறார்கள், சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். மடியில் இருப்பது இன்டர்ன் பிள்ளைகளின் பாதிக்கட்ட மதிப்பீட்டுத் தாள். நாளைக்குக் கொடுக்கணும், இன்னும் பேனா மூடியைக்கூடத் திறக்கவில்லை.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு, நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். ஓ.டி. என்றதும் ஆபரேஷன் தியேட்டரா என்று கேட்காதீர்கள், என் சித்தியே பத்து வருடமாக அப்படித்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பக்கவாதம் வந்தவர் மறுபடி தானே சாப்பிட, குளிக்க, பிழைப்பைப் பார்க்கப் பழக்குவது எங்கள் வேலை. படிப்பு முடிவதற்குள் குறைந்தது 1000 மணி நேரம் களப்பயிற்சி வேண்டும் என்பது ஓ.டி. உலகக் கூட்டமைப்பின் விதி. சரி, மணிக்கணக்கு நிரம்பிவிட்டால் வேலை கைவந்துவிடுமா?

ஒரு பையன். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், சாப்பிடுவது, குளிப்பது போன்ற அன்றாட வேலைகளை ஒருவர் எவ்வளவு தானே செய்கிறார் என்று அளக்கும் பார்த்தெல் இன்டெக்ஸின் பத்து அம்சங்களையும், எதற்கு எத்தனை மார்க், மொத்தம் 100 எப்படி வருகிறது என்பதையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தான். மறுநாள் முக்கூடலிலிருந்து வந்த ஆச்சியை அவனிடம் விட்டேன். காலமெல்லாம் பீடி சுற்றியவர், இப்போது வலது கை சரியாக வரவில்லை. அவன் பிளாஸ்டிக் கூம்புகளைக் கொடுத்து அடுக்கச் சொன்னான். அடுக்கிவிட்டு ஆச்சி கேட்டார், "ஏய்யா, இத அடுக்குனா யாரு கூலி தருவா?" பையன் பேந்தப் பேந்த விழித்தான்.

இன்னொருத்தி இருக்கிறாள், வைவாவில் வாயே திறக்க மாட்டாள். அவள்தான் அடுத்த முறை வரும்போது சொளவு, இலை, கத்தரி, நூல் எல்லாவற்றையும் எடுத்துவரச் சொன்னாள், புகையிலைத் தூளுக்குப் பதில் தவிடு போட்டுக்கொள்ளலாம் என்று. பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் பார்த்தாள். ஆச்சிக்குச் சுருட்டுவது ஓரளவு வருகிறது, இலையை வெட்டியபின் கத்தரியைத் திறக்கத்தான் விரல் விரியவில்லை. கூம்பை எத்தனை நாள் அடுக்கியிருந்தாலும் இது நம் கண்ணில் பட்டிருக்காது.

அவளுக்கு மார்க்கை அள்ளிப் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் சக்கர நாற்காலியிலிருந்து ஆச்சியைக் கட்டிலுக்கு மாற்றும்போது பிரேக் போடவில்லை, ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. ஓ.டி. பிள்ளைகளின் களப்பயிற்சிக்கு மார்க் போட அமெரிக்காவில் பயன்படுத்தும் படிவத்தில் 37 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 4 வரை, 111 வாங்கினால் பாஸ். ஆனால் முதல் மூன்று அம்சங்கள் தொழில் நெறியும் பாதுகாப்பும். அவற்றில் ஒன்றில் 3-க்குக் கீழே போனாலும் மொத்த மார்க் எவ்வளவு இருந்தும் ஃபெயில்தான். கறார்தான், எனக்கு அது பிடித்திருக்கிறது. ஏனென்றால் நான் மேற்பார்வைக்கு வந்த முதல் வருடம், தங்கமான பிள்ளை என்பதற்காகவே ஒருவனை மனசு கேட்காமல் பாஸ் போட்டேன். இன்றைக்கும் அவன் கையில் யார் நோயாளியோ என்று உறுத்தும்.

அதனால் இப்போதெல்லாம் "கவனம் தேவை" என்று பொதுவாக எழுதுவதில்லை. "செவ்வாய், கட்டிலுக்கு மாற்றும்போது இடது பிரேக் போடவில்லை" என்று நாளோடு எழுதுகிறேன். அதையும் பாதியிலேயே சொல்லிவிட வேண்டும், கடைசி நாளில் தூக்கிப் போட்டால் அந்தப் பிள்ளை எப்போது திருத்திக்கொள்ளும்?

நாளை காலை ஒன்பது மணிக்கு அவளை வரச் சொல்லியிருக்கிறேன். நாற்காலியில் ஆச்சியாக நான் உட்காரப் போகிறேன், அவள் என்னைக் கட்டிலுக்கு மாற்ற வேண்டும்.