கோழி தின்றதை யார் கணக்கில் எழுதுவது?

நேயர்களுக்கு வணக்கம். எந்த நாட்டு முட்டை பூமியை அதிகம் சூடாக்குகிறது என்று அவ்வப்போது ஒரு பட்டியல் வரும். முதலிடம், கடைசி இடம் எல்லாம் போட்டிருக்கும். அதைப் பார்த்ததும் எனக்கு வருகிற முதல் சந்தேகம்: முட்டையிட்ட கோழி தின்றதையும் சேர்த்தார்களா, இல்லையா?

ஏன் கேட்கிறேன் என்றால், ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2013-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கிலோ முட்டைக்காக வெளியாகும் வெப்ப வாயுக்கள் உலக சராசரியில் 3.7 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். அதே அமைப்பின் புள்ளிவிவரத் தளத்தில் நாடுவாரியாகத் தேடினால் கிடைப்பது இதைவிட மிகச் சிறிய எண். இரண்டும் சரிதான். இரண்டாவது கணக்கு பெரும்பாலும் கோழி எச்சத்தோடு நின்றுவிடுகிறது. முதல் கணக்கு தீவனம் விளைந்த வயல் வரை போகிறது. அந்த ஆய்வின்படி முட்டையின் மொத்த வெளியீட்டில் 70 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவான பங்கு தீவனத்துடையது. அதை விட்டுவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்?

ஒரு கோழியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். பண்ணைக் கோழி ஒரு நாளைக்குச் சுமார் 110 கிராம் தின்னும். வருஷத்துக்கு 40 கிலோ. அது 60 கிராம் எடையில் 300 முட்டை இட்டால் 18 கிலோ. அதாவது ஒரு கிலோ முட்டைக்கு 2.2 கிலோ தீவனம். அதே தீனியைத் தின்றுவிட்டு 200 முட்டைதான் இட்டால் இது 3.3 கிலோ ஆகிவிடும். தீவனத்தில் சேரும் மக்காச்சோளத்துக்குப் போட்ட யூரியாவும், அந்த மண்ணிலிருந்து கிளம்பிய நைட்ரஸ் ஆக்சைடும் அதே விகிதத்தில் ஏறும். நூறு ஆண்டுக் கணக்கில் அந்த வாயு கரியமில வாயுவைவிட 273 மடங்கு சூடாக்கும், லேசான விஷயமில்லை.

அமெரிக்காவில் 1960-ஐயும் 2010-ஐயும் ஒப்பிட்ட ஓர் ஆய்வில், கிலோ முட்டைக்கான வெளியீடு 71 சதவீதம் குறைந்திருந்தது. குறைந்த தீனியில் அதிக முட்டை, தீவனக் கலவையில் மாற்றம், எச்சத்தைக் கையாளும் விதம் என்று மூன்று காரணங்கள். எச்சம் குழியில் ஈரமாகத் தேங்கினால் மீத்தேன் என்ற இன்னொரு வெப்ப வாயு வரும். காய வைத்தால் வெகுவாகக் குறையும்.

அப்படியானால் குப்பையைக் கிளறித் தின்கிற வீட்டுக் கோழி மோசமா? அது இடும் முட்டை குறைவுதான். ஆனால் அது கொத்திய புழுவுக்கும் சிந்திய தானியத்துக்கும் யார் உரம் போட்டார்கள்? கோழிக்குத் தலைக்கு இவ்வளவு என்று ஒரே எண்ணை எடுத்துப் பெருக்கினால் அந்தக் கோழிக்கு அநியாயம் நடக்கும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2012 முதல் பழைய கம்பிக் கூண்டுகளைத் தடை செய்தது. வெளியே நடமாடுகிற கோழி கூடுதலாகத் தின்னும். கிலோவுக்கான எண்ணும் கொஞ்சம் ஏறும். அதற்காகக் கூண்டே மேல் என்று நான் சொல்லமாட்டேன். கோழியின் பாடு இந்தக் கணக்கில் வரவே வராது.

எல்லாவற்றையும் குழப்புவது சோயா. பிரேசிலில் காட்டை அழித்து விளைந்த சோயா கப்பலேறி ஐரோப்பியக் கோழியின் தொட்டிக்கு வருகிறது. நாட்டுக் கணக்கில் அந்தப் புகை பிரேசிலுடையது. முட்டைக் கணக்கில் அது முட்டையோடு ஒட்டிக்கொண்டே வரும். அதுவும் எத்தனை காலத்துக்கு? காடழித்த பழியை 20 ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதுவதுதான் வழக்கம். 21-ஆம் ஆண்டு அதே வயலில், அதே மண்ணில் விளைகிற சோயா கணக்கில் சுத்தமாகிவிடும். அதைத் தின்ற கோழியின் முட்டையும்தான்.