ஜான் லாக்: உடைமையும் பசித்தவன் உரிமையும்

நேயர்களுக்கு வணக்கம்.

1683 டிசம்பரில் லண்டனில் அல்ஜெர்னான் சிட்னி என்ற அரசியல் சிந்தனையாளரின் தலை துண்டிக்கப்பட்டது. அரசர் இரண்டாம் சார்லஸுக்கு எதிராகச் சதி செய்தார் என்பது குற்றச்சாட்டு. தேசத் துரோக வழக்கென்றால் இரண்டு சாட்சிகள் வேண்டும். அரசுத் தரப்புக்கு உருப்படியாகக் கிடைத்தது ஒரே சாட்சி. இன்னொரு சாட்சியின் இடத்தில், சிட்னியின் வீட்டிலிருந்து எடுத்துவந்த அச்சேறாத கையெழுத்துத் தாள்களை வைத்தார்கள். அரசன் மக்களுக்குக் கட்டுப்பட்டவன் என்று அந்தத் தாள்கள் வாதிட்டன. எழுதுவதும் செயல்தான் என்று சொல்லி அதை ஏற்றுக்கொண்டார் நீதிபதி ஜெஃப்ரிஸ்.

ஏறக்குறைய அதே வாதத்தை எழுதி வைத்திருந்த இன்னொருவர் சில மாதங்களுக்கு முன்பே ஹாலந்துக்குத் தப்பிப் போயிருந்தார். அவர்தான் ஜான் லாக். படிப்பால் மருத்துவர், அரசரை எதிர்த்த கட்சியின் தலைவரான ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவுக்கு நெருங்கிய ஆலோசகராக இருந்தவர். 1689 பிப்ரவரியில், அரசர் இரண்டாம் ஜேம்ஸ் நாட்டை விட்டு ஓடிய பிறகே அவர் இங்கிலாந்து திரும்பினார். அந்த ஆண்டு முடிவதற்குள் ‘அரசாட்சி பற்றிய இரு ஆய்வுரைகள்’ அச்சாகி வந்தது. அட்டையில் ஆசிரியர் பெயர் இல்லை. 1704இல் சாவை எதிர்நோக்கியிருந்தபோது, உயிலின் பிற்சேர்க்கையில்தான் அந்த நூல் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டார். அந்தப் பயத்தை நாம் மறந்துவிடக் கூடாது. மனிதனுக்குப் பிறப்பிலேயே உரிமை உண்டு என்று எழுதுவது உயிரோடு விளையாடுகிற காரியமாக இருந்த காலம் அது.

சிட்னி, லாக் இருவருக்கும் எதிராளி ஒருவரே. அவர் சர் ராபர்ட் ஃபில்மர். அவர் இறந்தது 1653இல். அவருடைய கையெழுத்துப் பிரதியை 1680இல் அரசர் கட்சியினர் தேடி எடுத்து அச்சிட்டார்கள். கடவுள் உலகம் முழுவதையும் ஆதாமுக்குக் கொடுத்தார். தகப்பன் என்ற முறையில் ஆதாம் பிள்ளைகளை ஆண்டான். அந்த அதிகாரம்தான் வழிவழியாக அரசர்களுக்கு வந்தது. ஃபில்மரின் வாதத்தின் சாரம் இவ்வளவுதான். அப்படியானால் குடிமக்களின் உயிரும் நிலமும் அரசன் மனம் வைத்து விட்டுவைத்தவை என்றாகிறது.

இதற்கு லாக் தந்த பதிலில் ஒரு பகுதியை உலகமே அறியும். மனிதர்கள் இயற்கையில் சமமானவர்கள், யாருக்கும் அடிமையாகப் பிறக்காதவர்கள். உயிரையும் விடுதலையையும் உடைமையையும் காத்துக்கொள்ளவே அவர்கள் கூடி அரசு அமைக்கிறார்கள். சம்மதமில்லாமல் வரி எடுக்கிற அரசும் உயிரைப் பறிக்கிற அரசும் தன் வேலையை விட்டு விலகிவிட்டன. அவற்றை மாற்றும் உரிமை மக்களுக்கு உண்டு. 1776இல் அமெரிக்கர்கள் எழுதிய விடுதலை அறிக்கையில் லாக்கின் சொற்றொடர்களையே பார்க்கலாம்.

நான் இன்று பேச வந்தது சொத்தைப் பற்றி. இரண்டாம் ஆய்வுரையின் ஐந்தாம் அத்தியாயத்தில் லாக் ஓர் அருமையான கேள்வியை எழுப்புகிறார். பூமி எல்லோருக்கும் பொது. பொதுக்காட்டில் ஒருவன் ஓக் மரத்தடியில் கிடந்த கொட்டைகளைப் பொறுக்கித் தின்கிறான். அவை எப்போது அவனுடையவை ஆயின? செரித்தபோதா, தின்றபோதா, வேகவைத்தபோதா, வீட்டுக்குக் கொண்டுவந்தபோதா, பொறுக்கியபோதா? பொறுக்கியபோதே என்கிறார் லாக். அவன் உடல் அவனுக்குச் சொந்தம், அந்த உடலின் உழைப்பும் அவனுக்கே சொந்தம். உழைப்பு கலந்ததும் பொதுப்பொருள் அவன் பொருளாகிவிடுகிறது; அதற்கு அரசன் அனுமதி தேவையில்லை. இந்த உரிமைக்கு அவரே இரண்டு வரம்பும் கட்டுகிறார். பிறருக்குப் போதுமான அளவு, அதே தரத்தில், மிச்சம் இருக்க வேண்டும். எடுத்தது அழுகி வீணாகக் கூடாது.

வரம்பைக் கட்டியவரே அதைத் தளர்த்தவும் செய்கிறார். பணம் வந்துவிட்டது, பொன்னும் வெள்ளியும் அழுகாது, ஆகவே எவ்வளவு வேண்டுமானாலும் சேர்க்கலாம். வேலியிட்டு உழுத பத்து ஏக்கர், தரிசாகக் கிடக்கும் நூறு ஏக்கருக்கு ஈடாக விளையும், ஆகவே வேலியிடுகிறவன் மனித குலத்துக்குக் கொடுப்பவனே. தரிசுக்கு அவர் காட்டிய உதாரணம் அமெரிக்கப் பழங்குடிகளின் நிலம். அந்த மக்கள் அங்கே வேட்டையாடினார்கள், பயிரும் செய்தார்கள். அவர்கள் நிலத்தை வெற்றுநிலம் என்று சொன்னவர், அதே அமெரிக்காவில் கரோலைனாக் குடியேற்றத்தின் உரிமையாளர்களுக்குச் செயலாளராக இருந்தவர். 1669இல் எழுதப்பட்ட அதன் அடிப்படைச் சட்டம், கறுப்பின அடிமைகள் மீது எசமானனுக்கு முழு அதிகாரம் தந்தது. அடிமை வணிகம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் லாக் பணமும் போட்டிருந்தார். இதை மூடி மறைத்து அவரைப் புகழ என்னால் முடியாது.

ஆனாலும் அவரைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள் என்று மாணவர்களிடம் கேட்டுக்கொள்வேன். முதல் ஆய்வுரையைப் பெரும்பாலோர் திறப்பதில்லை. மறக்கப்பட்ட ஃபில்மரை வரிவரியாக மறுப்பதை யார் படிப்பார்கள்? அதன் 42ஆம் பத்தியைப் படியுங்கள். ஆதாமுக்கு உலகம் முழுவதும் சொந்தமாக இருந்தது என்றே வைத்துக்கொள்வோம் என்கிறார் லாக். அப்போதும், சோறு கொடுக்க மறுத்து மற்றவர்களை அடிபணிய வைக்கும் உரிமை அவனுக்குக் கிடையாது. ஒருவனிடம் மிஞ்சியிருப்பதில், வேறு வழியில்லாமல் வாடுகிற சகோதரனுக்கு உரிமை இருக்கிறது. அவன் தவிப்பைப் பயன்படுத்தி அவனை அடிமையாக்குவதும், கழுத்தில் கத்தியை வைத்து ‘சாவா, அடிமைத்தனமா’ என்று கேட்பதும் ஒன்றே.

பார்த்துப் போடுகிற பிச்சையாக இதை லாக் சொல்லவில்லை. உழைத்தவனுக்குத் தன் விளைச்சல் மேல் இருப்பதைப் போலவே, பசித்தவனுக்கு அடுத்தவன் மிகுதி மேல் உரிமை என்கிறார். சொத்துரிமையைப் பேசும்போதெல்லாம் ஐந்தாம் அத்தியாயத்தை மட்டும் மேற்கோள் காட்டி, இந்தப் பத்தியை விட்டுவிடுவது அவருக்குச் செய்யும் அநியாயம். அதைவிட, ஏழைகளுக்குச் செய்யும் அநியாயம்.

லாக் இதை மறந்துவிட்டாரா? 1697இல் அரசின் வணிக வாரியத்தின் உறுப்பினராக ஏழைகள் பராமரிப்பு பற்றி அவர் எழுதிய அறிக்கை மிகக் கடுமையானது. மூன்று வயது தாண்டிய ஏழைக் குழந்தைகளை வேலைப் பள்ளிகளில் சேர்த்து நூற்பு வேலை வாங்க வேண்டும், வயிறார ரொட்டி தரலாம், குளிர் அதிகமானால் கொஞ்சம் சூடான கஞ்சியும் தரலாம் என்கிறது. படிக்கும்போது மனம் கொதிக்கிறது. அதே அறிக்கையில், உரிய உதவி கிடைக்காமல் யாராவது செத்துப்போனால் அவரைப் பராமரிக்க வேண்டிய திருச்சபை வட்டாரத்துக்கு அபராதம் விதிக்க வேண்டும் என்றும் எழுதினார். அந்தச் சாவை அவர் விதி என்று விட்டுவிடவில்லை, குற்றம் என்றே குறிப்பிட்டார். அறிக்கை சட்டமாகவில்லை.

நன்றி, வணக்கம்.