யார் கைதட்டினார்கள்?

(எங்கள் ஊர் நூலகத்தின் வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது. பேச்சின் போக்கை மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம்.

2023 ஆகஸ்ட் 24ஆம் தேதி, காலை ஆறரை மணி. அமெரிக்காவில் அப்போது இன்னும் 23ஆம் தேதி இரவுதான். மில்வாக்கி நகரத்தில் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக ஆசைப்பட்ட எட்டுப் பேர் மேடை ஏறினார்கள். என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி. மகள் தூங்கிக்கொண்டிருந்ததால் சத்தம் வைக்க முடியாது. இயர்போன் என் காதில். பக்கத்தில் என் மாமனார், தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்குக் கீழே ஓடுகிற ஆங்கில எழுத்து போதும். காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் வாசித்துவிட்டுக் கேட்டார்: "மாப்ளே, இவங்க எட்டுப் பேரும் ஒரே கட்சிதானே? அப்புறம் எதுக்கு இப்படி அடிச்சுக்கறாங்க?"

இன்றைய என் பேச்சு முழுக்க அந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும்.

நம்மூரில் வேட்பாளர் பட்டியல் தலைமை அலுவலகத்திலிருந்து வரும். வந்த பிறகு சீட்டு கிடைக்காதவர் பேருந்தை மறிப்பார், அல்லது சுயேச்சையாக நிற்பார். அங்கே அப்படி இல்லை. கட்சியின் வேட்பாளர் யார் என்பதையே மாநிலம் மாநிலமாக வாக்காளர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். அதுதான் பிரைமரி. அதற்கு முன்னால் நடக்கிற விவாதத்தில் மேடையில் நிற்பவர்கள் எல்லாம் பங்காளிகள். வரி, துப்பாக்கி, கருக்கலைப்பு என எதை எடுத்தாலும் கொள்கையில் பெரிய வேறுபாடு இருக்காது. பொதுத்தேர்தல் விவாதத்தைப் பார்க்கிறவர் ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்துதான் உட்காருகிறார், தன் ஆள் உளறினாலும் மன்னித்துவிடுவார். பிரைமரியில் அந்த வசதி கிடையாது. எல்லோரும் தன் ஆள்தான். அப்போது பார்வையாளர் எதை வைத்து எடை போடுவார்? முகத்தை, குரலை, தடுமாற்றத்தை, கோபத்தை. அதைவிட முக்கியமாக, பக்கத்தில் இருப்பவன் எப்படி ரசித்தான் என்பதை. பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த நமக்கு இதைப் புரியவைக்க வேண்டியதில்லை. முன்வரிசை சிரித்தால் பின்வரிசை ஜோக்கைக் கேட்காமலேயே சிரிக்கும்.

ஒரு பழைய கதை சொல்கிறேன். 1980 பிப்ரவரி 23, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் நாஷுவா என்ற சிறு நகரம், பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடம். ரொனால்டு ரீகனும் ஜார்ஜ் புஷ்ஷும் (அப்பா புஷ்) இருவர் மட்டும் மோதுவதாக ஏற்பாடு. புஷ் அதற்கு முந்தைய மாதம்தான் அயோவாவில் ரீகனைத் தோற்கடித்திருந்தார். விவாதத்தை நடத்த வேண்டியது உள்ளூர்ப் பத்திரிகை. இருவருக்கு மட்டும் மேடை போட்டுக் கொடுத்தால் அது சட்டப்படி நன்கொடைக் கணக்கில் வந்துவிடும் என்று சிக்கல் எழ, செலவை ரீகன் தரப்பு ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டு சும்மா இருக்கவில்லை. விடுபட்ட மற்ற நான்கு வேட்பாளர்களையும் அழைத்து மேடைக்குக் கூட்டிவந்து நிறுத்திவிட்டார் ரீகன். அவர்களுக்கு நாற்காலிகூட இல்லை. புஷ் அசையாமல் நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ரீகன் இதைப் பற்றிப் பேச ஆரம்பிக்க, நெறியாளர் ஜான் பிரீன் அவருடைய ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்கிறார். ரீகன் முகம் சிவந்து, "இந்த மைக்குக்குக் காசு கொடுப்பவன் நான், மிஸ்டர் கிரீன்!" என்றார். பெயரைக்கூடத் தப்பாகத்தான் சொன்னார். யார் கவனித்தார்கள்? கூடமே அதிர்ந்தது. மேடையில் நின்ற நான்கு போட்டியாளர்களும் சேர்ந்து கைதட்டினார்கள்.

அதற்குப் பிறகு ரீகனும் புஷ்ஷும் என்ன விவாதித்தார்கள் என்று யாரிடமாவது கேட்டுப்பாருங்கள். நாட்டு மக்கள் தொலைக்காட்சிச் செய்தியில் பார்த்தது அந்தச் சில விநாடிகளையும் அந்தக் கைதட்டலையும்தான். மூன்று நாள் கழித்து நடந்த தேர்தலில் ரீகனுக்கு 50 விழுக்காடு, புஷ்ஷுக்கு 23. விவாதம் ஒன்றாலேயே ஜெயித்தார் என்று நான் சொல்ல மாட்டேன், அவர் ஏற்கெனவே மீண்டுகொண்டிருந்தார். ஆனால் அந்தக் கூடத்தில் யாரும் கைதட்டாமல் இருந்திருந்தால், ஒரு முதியவர் மைக்குக்காகச் சண்டை போட்ட சங்கடமான காட்சியாக அது முடிந்திருக்கும்.

இதை உணர்ந்தவர்கள் அதற்கு முன்பே இருந்தார்கள். 1948இல் இதே கட்சியின் தாமஸ் டூயியும் ஹரால்டு ஸ்டாசனும் ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் மோதினார்கள். கம்யூனிஸ்ட் கட்சியைத் தடை செய்யலாமா கூடாதா, ஒரே ஒரு கேள்வி, வானொலியில் ஒரு மணி நேரம். பெரிய மண்டபத்தில் கூட்டத்தைக் கூட்டி நடத்த வேண்டும் என்பது ஸ்டாசனின் ஆசை. டூயி ஒப்புக்கொள்ளவில்லை. அவர் பழைய அரசு வழக்கறிஞர். கைதட்டுகிற கூட்டம் வேண்டாம், ஒலிப்பதிவு அறை போதும் என்றார். தடை கூடாது என்று வாதாடி, அந்த மாநிலத்தில் வென்றும் காட்டினார். கோடிக்கணக்கானவர்கள் கேட்ட அந்த விவாதத்தில் யார் சொன்னது சரி என்று ஒவ்வொருவரும் தன் வீட்டுக் கூடத்தில் தானாக யோசிக்க வேண்டியிருந்தது. இப்போது நினைத்தால் பொறாமையாக இருக்கிறது.

சரி, 2011க்கு வருகிறேன். பார்வையாளர்களின் எதிர்வினையே செய்தியாகிப்போன வருடம் அது.

செப்டம்பர் 7, கலிஃபோர்னியாவில் ரீகன் நூலகம், குடியரசுக் கட்சி விவாதம். நெறியாளர் பிரையன் வில்லியம்ஸ், டெக்சாஸ் ஆளுநர் ரிக் பெரியிடம், உங்கள் ஆட்சியில் 234 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டிருக்கிறது என்று தொடங்கினார். கேள்வி முடியவில்லை, அரங்கம் கைதட்டியது. பெரியின் பதிலுக்கு அல்ல, எண்ணிக்கைக்கு. 234 பேர் இறந்ததைச் சொன்னதும் கைதட்டினார்களே, அதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று வில்லியம்ஸ் அடுத்துக் கேட்க வேண்டியதாகிவிட்டது. ஐந்து நாள் கழித்து டாம்பாவில் இன்னொரு விவாதம். மருத்துவக் காப்பீடு வேண்டாம் என்று இருந்த முப்பது வயது இளைஞன் ஒருவன் நினைவிழந்து மருத்துவமனையில் கிடந்தால் யார் செலவு செய்வது, அவனைச் சாக விட்டுவிடலாமா என்று வேட்பாளர் ரான் பாலிடம் கேட்டார்கள். அரங்கத்திலிருந்து சில குரல்கள், "ஆமாம்!"

கவனியுங்கள், சில குரல்கள். அடுத்த நாள் செய்தியில் அது "கூட்டம் கத்தியது" என்று ஆகிவிட்டது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களை ஒலிப்பதிவில் கேட்க முடியாது. மௌனமும் ஒரு எதிர்வினைதான், ஆனால் அதைக் கணக்கில் எடுக்க எந்தக் கருவியும் இல்லை. அன்று வீட்டிலிருந்து பார்த்த ஒரு சாதாரணக் குடியரசுக் கட்சிக்காரரை நினைத்துப்பாருங்கள். தன் கட்சியின் ஆட்களா இவர்கள் என்று கூசியிருப்பார். அல்லது, ஓஹோ, நாம் இப்படித்தான் நினைக்க வேண்டும் போலிருக்கிறது என்று முடிவு செய்திருப்பார். இரண்டாவது எனக்குக் கூடுதல் பயம் தருகிறது.

அரங்கத்தை வாத்தியம்போல வாசிக்கத் தெரிந்தவர் அதே போட்டியில் இருந்த நியூட் கிங்ரிச். 2012 ஜனவரி 19, தென் கரோலினா. நெறியாளர் ஜான் கிங்கின் முதல் கேள்வியே, கிங்ரிச்சின் முன்னாள் மனைவி அன்று ஒரு பேட்டியில் அவரைப் பற்றிச் சொன்ன குற்றச்சாட்டைப் பற்றி. நியாயமாக அது அவரை மூழ்கடித்திருக்க வேண்டும். அவரோ, அதிபர் வேட்பாளர் விவாதத்தை இப்படி ஒரு விஷயத்தோடு தொடங்குகிறீர்களே என்று நெறியாளர் மேலும் ஊடகங்கள் மேலும் பாய்ந்தார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. கேள்விக்கான பதில் என்ன என்பது யாருக்கும் முக்கியமில்லாமல் போயிற்று. இரண்டே நாளில் நடந்த தேர்தலில் அவருக்கு 40 விழுக்காடு, முன்னணியில் இருந்த மிட் ராம்னிக்கு 28.

ஜனவரி 23 அன்று ஃபுளோரிடாவில் அடுத்த விவாதம். தொலைக்காட்சிக்காரர்கள் பார்வையாளர்களை அமைதியாக இருக்கச் சொல்லிவிட்டார்கள். அதே கிங்ரிச், அதே வேகம், ஆனால் கரையில் போட்ட மீன். மறுநாள் காலை, கூட்டத்தை வாயடைத்து வைக்கிற விவாதத்துக்கு இனிமேல் வர மாட்டேன் என்றார். எனக்குப் பிடித்த வாக்குமூலம் அது. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மூன்று நாள் கழித்து ஜாக்சன்வில்லில் கூட்டம் தாராளமாகக் கைதட்டியது, அந்தக் கைதட்டல் ராம்னிக்குப் போயிற்று. ஃபுளோரிடாவையும் ராம்னிதான் வென்றார். கூட்டம் யாருக்கும் குத்தகை இல்லை.

அந்த இருக்கைகளில் உட்காருவது யார்? பெரும்பாலும் கட்சி விநியோகித்த சீட்டு வைத்திருப்பவர்கள், நன்கொடையாளர்கள், உள்ளூர்ப் பொறுப்பாளர்கள். 2016 பிப்ரவரியில் தென் கரோலினாவின் கிரீன்வில் அரங்கம் டொனால்டு டிரம்ப்பைக் கூச்சல் போட்டுத் துவைத்து எடுத்தது. இவர்கள் எல்லாம் தனிநலக் குழுக்களும் அரசியல் தரகர்களும் என்று அவர் மேடையிலிருந்தே கையைக் காட்டினார். ஒரே வாரத்தில் அதே மாநிலத்தில் முதலிடம். உள்ளே இருந்த கூச்சலை வெளியே இருந்தவர்கள் அவருக்கான சான்றிதழாக எடுத்துக்கொண்டார்கள் என்றே நினைக்கிறேன்.

இதையெல்லாம் அளந்து பார்த்தவர்கள் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. 1984இல் ரீகன் தன் வயதைப் பற்றி எழுந்த சந்தேகத்தை ஒரு நகைச்சுவையால் அடித்து நொறுக்கிய விவாதம் இருக்கிறதே (அது பொதுத்தேர்தல் விவாதம், இருந்தாலும் பாடம் பொருந்தும்), அதை ஆய்வாளர்கள் வெட்டி ஒட்டி மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஜோக் இருக்கும், அரங்கத்தின் சிரிப்பு மட்டும் இருக்காது. பார்த்தவர்களிடம் ரீகனின் மதிப்பு சரிந்துவிட்டது. இன்னொன்று பிரிட்டனில். விவாதம் ஓடும்போது திரையின் கீழே ஒரு கோடு ஏறி இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கையில் ஒரு திருகு கொடுத்து, பிடித்தால் ஏற்று, பிடிக்காவிட்டால் இறக்கு என்று ஒரு சிறு குழுவை உட்காரவைப்பார்கள், அவர்களுடைய சராசரி அது. அந்த யோசனையின் தாத்தா, 1930களின் இறுதியில் பால் லாசர்ஸ்ஃபெல்டும் ஃபிராங்க் ஸ்டான்டனும் வானொலி நிகழ்ச்சிகளுக்காகச் செய்த சிவப்பு பச்சைப் பொத்தான் கருவி. 2010 தேர்தல் விவாதத்தை 150 பேருக்குக் காட்டிய பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அந்தக் கோட்டைக் கள்ளத்தனமாக வளைத்தார்கள். சிலருக்கு அப்போதைய பிரதமர் கோர்டன் பிரவுன் பக்கம் ஏறும், சிலருக்கு அவரோடு மோதிய நிக் கிளெக் பக்கம். யார் ஜெயித்தார் என்று கேட்டபோது, கோடு எந்தப் பக்கம் ஏறியதோ அந்தப் பக்கமே பதிலும் சாய்ந்தது. பொய்க் கோடு என்று அவர்களுக்குத் தெரியாது.

கைதட்டல் ஓட்டாக மாறியே தீரும் என்றும் இல்லை. 2019 ஜூன் 27, மியாமி, ஜனநாயகக் கட்சி விவாதம். நம்முடைய துளசேந்திரபுரத்தில் வேர் உள்ள கமலா ஹாரிஸ், கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் கலந்து படிக்கவைப்பதற்கான பள்ளிப் பேருந்துத் திட்டத்தை ஜோ பைடன் முன்பு எதிர்த்ததை எடுத்துப் பேசி, அந்தப் பேருந்தில் தினம் போன சிறுமி நான்தான் என்று முடித்தார். ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சம் பேர் பார்த்தார்கள். கணிப்புகளில் ஹாரிஸ் ஏறினார். டிசம்பர் 3ஆம் தேதி, ஒரு மாநிலமும் ஓட்டுப் போடுவதற்கு முன்பே, போட்டியிலிருந்து விலகினார். அந்த இரவு தடுமாறிய பைடன் வேட்பாளராகி, ஹாரிஸையே துணை அதிபராகச் சேர்த்துக்கொண்டார்.

திரும்ப என் சாப்பாட்டு மேசைக்கு வருவோம். அன்றைக்கு மில்வாக்கி அரங்கம் ஒரே இரைச்சல். குற்றவாளி என்று தீர்ப்பு வந்தாலும் டிரம்ப்பை ஆதரிப்பீர்களா என்று கேட்டபோது எட்டில் ஆறு பேர் கை தூக்கினார்கள். டிரம்ப்பைக் குறைசொன்ன கிறிஸ் கிறிஸ்டிக்குக் கூச்சல். பருவநிலை மாற்றக் கொள்கைகள் எல்லாம் மோசடி என்ற விவேக் ராமசாமிக்கும் கூச்சல், அதே விவேக் டிரம்ப்பைப் புகழ்ந்தால் ஆரவாரம். விவேக்கின் பெற்றோர் பாலக்காட்டிலிருந்து போனவர்கள், தமிழ் பேசுகிற குடும்பம். அதனால் எனக்கு அவர்மேல் கூடுதலாக ஒரு கண், ஒப்புக்கொள்கிறேன். உங்களுக்கு வெளியுறவு அனுபவமே இல்லை, அது தெரிகிறது என்று நிக்கி ஹேலி அவரைக் குத்தியபோது அரங்கம் அலறியது. என் இயர்போன் முழுக்க இந்த இருவர்தான். காலை எட்டரைக்கு நான் அடித்துச் சொன்னேன், இன்றைக்கு விவேக்கும் ஹேலியும்தான் என்று.

பார்த்த குடியரசுக் கட்சி வாக்காளர்களிடம் விவாதம் முடிந்ததும் எடுத்த கணிப்பு ஒன்றில் முதலிடம் 29 விழுக்காட்டோடு ரான் டிசாண்டிஸ். துணுக்குக் காணொளிகளில் அவர் முகத்தைத் தேட வேண்டும். விவேக்குக்கு 26, ஹேலிக்கு 15. ஜனவரியில் அயோவாவில் விவேக் நான்காவதாக வந்து, அன்றிரவே மூட்டை கட்டினார். முதலில் வந்தவர் மில்வாக்கி மேடைக்கே வராத டிரம்ப், பாதிக்கு மேல் ஓட்டு.

மாமனாரிடம் கேட்டேன், உங்களுக்கு யார் பேசினது பிடித்தது என்று. அவர் காதில் ஒரு கைதட்டலும் விழவில்லை, ஒரு கூச்சலும் விழவில்லை. வெறும் எழுத்துதான் ஓடியது. காபி டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: "அந்த ஓரத்துல நின்னாரே, காலில் அடிபட்டவர். அவர்தான் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார்."

டக் பர்கம். அப்போதைய வடக்கு டகோட்டா ஆளுநர். முந்தின நாள் கூடைப்பந்து ஆடி குதிகால் தசைநாணை அறுத்துக்கொண்டு, ஊன்றுகோலோடு வந்து சேர்ந்தவர். விவாதத்துக்குத் தகுதி பெற 40,000 நன்கொடையாளர் வேண்டும் என்ற விதிக்காக, 1 டாலர் தருபவருக்கு 20 டாலர் அன்பளிப்பு அட்டை கொடுத்த மனிதர். அரங்கத்தில் அவருக்கு யார் கைதட்டினார்கள் என்று நினைவில்லை. டிசம்பரில் விலகிவிட்டார்.

2025இல் அவர் டிரம்ப் அமைச்சரவையில் உள்துறைச் செயலாளராக (அங்கே அது அரசு நிலங்களையும் தேசியப் பூங்காக்களையும் பார்க்கிற துறை) பதவியேற்றபோது, செய்தித்தாளில் அந்தப் படத்தை மடித்துக்கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் மாமனார் குளிக்கப் போய்விட்டார்.