பாதுவான்ஜின்: கையைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

சீன நகரப் பூங்காக்களில் காலை நேரத்தில் முதியவர்கள் கூட்டமாக நின்று கைகளை மெல்ல உயர்த்தி இறக்குவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அது எல்லாமே தாய்ச்சி அல்ல. தாய்ச்சி சண்டைக் கலை. அதன் அசைவுகளுக்குள் அடியும் தடுப்பும் ஒளிந்திருக்கும். இன்று நான் பேசப்போகும் பாதுவான்ஜின் சிகோங் வகையைச் சேர்ந்தது; அதாவது, மெல்லிய அசைவையும் மூச்சையும் இணைக்கும் சீன உடற்பயிற்சி. அதில் எதிராளியே கிடையாது. மொத்தம் எட்டு அசைவுகள்தான்.

சோங் வம்சக் காலத்தில், 12ஆம் நூற்றாண்டு நூலொன்றிலேயே இந்தப் பெயர் வந்துவிடுகிறது. தளபதி யுவே ஃபெய் தம் படைவீரர்களுக்காக வகுத்தது என்பார்கள். அது செவிவழிக் கதை. நம்மவர்கள் உடனே போதிதர்மரை நினைப்போம். அவர் பெயரோடு ஒட்டிவந்தது யிஜின்ஜிங் என்கிற வேறொரு பயிற்சி. அந்தப் பயிற்சியைச் சொல்லும் நூலும் 17ஆம் நூற்றாண்டில்தான் எழுந்தது என்பது ஆய்வாளர்கள் முடிவு. இப்போது பரவலாகக் கற்பிக்கப்படும் பாதுவான்ஜின், சீன அரசின் விளையாட்டுத் துறை 2003ல் ஒழுங்குபடுத்தி வெளியிட்ட வடிவம். முழுதாகச் செய்யப் பன்னிரண்டு நிமிடம் ஆகும்.

கற்பவர்கள் கைகளையே கவனிக்கிறார்கள். வேலை நடப்பது கால்களில். எட்டில் மூன்று அசைவுகள் குதிரை நிலையில் நடக்கின்றன. கால்களை அகட்டி, பாதங்கள் நேராக முன்னோக்கியிருக்க, நாற்காலியில் உட்காரப்போவது போலப் பாதி இறங்கும் நிலை அது. முழங்கால் கால்விரல் நுனியைத் தாண்டக் கூடாது. உள்பக்கம் சரியவும் கூடாது. சரிந்தால் மூட்டு முறுக்கிக்கொள்ளும், ஒரே வாரத்தில் வலி தெரியும். தொடையில் பலம் வரும்வரை நாலு விரற்கடை இறங்கினாலே போதும்.

முதல் அசைவில் விரல்களைக் கோத்து, உள்ளங்கை வானைப் பார்க்கத் தலைக்கு மேலே தள்ள வேண்டும். ஆறு முறை. மேலே போனதும் இரண்டு நொடி நிறுத்துங்கள். அந்த நிறுத்தத்தில்தான் விலாப்பக்கம் நீளும்.

இரண்டாவது, வில் வளைப்பது. பக்கத்துக்கு மூன்று முறை. மணிக்கட்டுகளை மார்புக்கு முன் குறுக்காக வைத்துக் குதிரை நிலையில் இறங்குங்கள். இடக்கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் விரிந்திருக்க, மற்ற மூன்றையும் மடக்கி, உள்ளங்கையை இடப்பக்கம் தள்ளுங்கள். வலக்கை விரல்களை நகம்போல வளைத்து வலத் தோளுக்கு முன் இழுங்கள். பார்வை இடக்கையின் மேல். நாண் இழுக்கும் ஆவேசத்தில் தோள் காதுவரை ஏறிவிடும், முதுகு பின்னால் சாயும். அப்புறம் மார்பு விரிவதில்லை, கழுத்துதான் இறுகுகிறது.

மூன்றாவது ஒரு கையை மேலும் மறு கையைக் கீழும் அழுத்துவது. நான்காவது தலையைத் திருப்பிப் பின்னால் பார்ப்பது. இரண்டும் எளிது. நான்காவதில் இடுப்பு கூடவே திரும்பிவிடாமல் பார்த்துக்கொண்டால் சரி.

ஐந்தாவதுதான் கடினம். குதிரை நிலையில் உள்ளங்கைகளைத் தொடைமேல் வைத்து, உடலை வலப்பக்கம் சாய்த்து, குனிந்து வலப் பாதத்தைப் பார்த்தபடி இடப்பக்கம் கொண்டுபோய், தலையைப் பின்னால் சுழற்றி நிமிர வேண்டும். தலை ஒரு பக்கம் போகும்போது வால் எலும்பு எதிர்ப்பக்கம் சுழல வேண்டும். பெரும்பாலோர் தலையை மட்டும் ஆட்டுவார்கள். கழுத்துத் தேய்மானம், தலைசுற்றல், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் பாதியளவே சாய்ந்தால் போதும். ஆறாவதில் கைகள் முதுகு வழியே இறங்கிப் பாதத்தைத் தொடும். அங்கேயும் இவர்கள் தலையைத் தொங்கவிட வேண்டாம். நிமிரும்போது கைகள் முன்னால் நீண்டு உயர, உடல் அவற்றின் பின்னால் எழ வேண்டும். உடல் முதலில் எழுந்தால் பாரம் இடுப்பில் விழும்.

ஏழாவது, கண்ணை உருட்டி மெல்லக் குத்துவது. இங்கே கட்டைவிரல் மூடிய கைக்குள்ளே, மோதிர விரலின் அடியில் இருக்கும். குங்ஃபூ ஆசான் பார்த்தால் திட்டுவார். அப்படி யாரையாவது நிஜமாகக் குத்தினால் கட்டைவிரல் முறியும். இங்கே குத்து காற்றில்தான் என்பதால் கவலையில்லை.

மூச்சைப் பற்றி ஒரு வார்த்தை. உயரும்போது உள்ளே, இறங்கும்போது வெளியே. ஆனால் அசைவுகள் மனதில் பதியும்வரை அதைப் பொருத்த முயலாதீர்கள். அடக்கிப் பிடித்தால் தலை கிறுகிறுக்கும். எட்டாவது அசைவு எல்லா நோயையும் விரட்டும் என்று சீனப் பாட்டு சொல்கிறது. பாட்டுக்கு அது அழகு. அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

அந்த எட்டாவது இதுதான்: கால்விரல்களால் தரையைப் பற்றிக் குதிகாலைத் தூக்கி, சற்று நின்று, பாதிவரை மெல்ல இறக்கி, கடைசியில் லேசாகத் தரையில் தட்டுங்கள். ஏழு முறை. தொப்பென்று போட்டால் அதிர்ச்சி நேரே முதுகெலும்புக்குப் போகும். முடித்ததும் கைகளை அடிவயிற்றில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சில மூச்சு நின்றுவிட்டு உட்காருங்கள்.

வணக்கம்.